விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் லாரி இந்த வாரம் எந்தப் பக்கம் போகிறது?

விடுதியில் மூன்றாம் மாடியில் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. தாளை மடித்து வைத்திருக்கிறேன். தொலைபேசி விடுதிக் காப்பாளர் அம்மாவின் மேஜைமேல் இருக்கிறது. யார் பேசினாலும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். உன் வீட்டிலும் போன் இல்லை. அதனால் கடிதம்தான்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒளி சம்பந்தமான பாடங்களைக் கொடுத்திருக்கிறார்கள். லென்ஸ், முப்பட்டகம், நிறப்பிரிகை. ஒரு வகுப்புக்கு இருபத்திரண்டு பேர். நான் பேசுவது முன்வரிசைக்கே கேட்பதில்லை. நேற்று ஒருத்தி, "மேடம், வாய் அசையுது, சத்தம்தான் வரல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எனக்கு இருந்த சத்தமும் போய்விட்டது.

அக்டோபர் வரை தற்காலிகம்தான். நடுவில் ஒரு நாள் குழு வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்க்குமாம். அதன் பிறகுதான் நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்வார்களாம். நம் வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இங்கே எப்படி இருக்க வேண்டும் என்று யாரைக் கேட்பது? ஆசிரியர் அறையில் எந்த நாற்காலி யாருடையது என்று தெரியாமல் மூன்று நாளாக நின்றுகொண்டே தேநீர் குடிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் தங்கை


ஜூலை 15

குட்டிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மாமா வண்டியோடு போயிருக்கிறார், வர பத்து நாள் ஆகும். எனக்குச் சாயங்காலமானால் கொஞ்சம் தலைவலி. ஃபேக்டரியில் தலைவலி இல்லாதவர்கள் யார்? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

காலியாக இருக்கிற நாற்காலியில் உட்கார். யாராவது எழுந்திரு என்றால் எழுந்துகொள். அவ்வளவுதானே. நின்றுகொண்டு குடித்தால் கால்தான் வலிக்கும், மரியாதை ஒன்றும் கூடிவிடாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லையா? நான் ஒன்று கேட்கிறேன். அதைச் சொல்லிக் கொடு. போன வாரம் பழுப்பு நிறக் கோட்டுத்துணிக்கு நூல் பொருத்தினேன். என் மேஜைக்கு மேலே டியூப்லைட். அதன் வெளிச்சத்தில் துணியும் நூலும் ஒன்றுதான். முந்நூறு கோட்டு தைத்து முடித்து, வண்டியில் ஏற்ற வெளியே கொண்டுபோனால், வெயிலில் நூல் மட்டும் பச்சையடிக்கிறது. சூப்பர்வைசர், "கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியா?" என்று கத்தினார். நான் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்து ஒரு கோட்டை டியூப்லைட்டுக்குக் கீழே போட்டேன். மறுபடியும் ஒன்றாகிவிட்டது. அவரே கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக நூல் மேஜையில் இருக்கிறேன். இந்த ஃபேக்டரியில் நிறம் பார்க்க என்னையும் பக்கத்து மேஜைக்காரியையும் விட்டால் ஆள் இல்லை. ஆனால் இது ஏன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

சத்தமாகப் பேசு. என்னோடு சண்டை போடும்போது வருகிற சத்தம் எங்கே போயிற்று?

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தலைவலி விட்டதா?

உன் பழுப்புக் கோட்டு என்னைக் காப்பாற்றியது. திங்கட்கிழமை வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. "ஒரு தையல் தொழிற்சாலையில் முந்நூறு கோட்டு" என்று ஆரம்பித்தேன். கடைசி வரிசைவரை நிமிர்ந்து பார்த்தார்கள். "வாய் அசையுது" என்று சொன்னவள்தான் முதலில், "அப்போ அந்த சூப்பர்வைசர் மூஞ்சி எப்படி இருந்துச்சு மேடம்?" என்று கேட்டாள்.

உனக்கான பதில் இதுதான். நூலுக்குள் நிறம் அடைத்து வைத்திருக்கவில்லை. விளக்கிலிருந்து பல நிறங்கள் கலந்த ஒளி வந்து விழுகிறது. நூல் அதில் சிலவற்றை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சத்தைத்தான் நாம் நிறம் என்கிறோம். வெயிலில் எல்லா நிறமும் ஏறக்குறைய நிறைவாக இருக்கும். டியூப்லைட்டில் சில நிறங்கள் தூக்கலாகவும் சில நிறங்கள் பஞ்சமாகவும் இருக்கும். உன் துணியும் நூலும் வேறு வேறு சாயத்தில் தோய்ந்தவை. அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம், டியூப்லைட்டில் பஞ்சமாக இருக்கிற நிறத்தில் ஒளிந்திருந்தது. வெயில் அதை வெளியே காட்டிவிட்டது. இனிமேல் நூலை ஜன்னலோரமும் ஒரு தடவை வைத்துப் பார்.

பலகையில் ஒளி, பொருள், கண் என்று மூன்று வட்டம் போட்டேன். மூன்றும் சேர்ந்தால்தான் நிறம், ஒன்று மாறினாலும் நிறம் மாறும் என்று எழுதினேன். துறைத் தலைவர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாராம். லேப் அம்மா சொன்னார். அவர்தான் இங்கே லென்ஸ்களையெல்லாம் துடைத்து வைப்பவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்.

இன்னும் கேள்வி இருந்தால் எழுது அக்கா. நிஜமாகத்தான் சொல்கிறேன். இப்போது உட்கார்ந்துதான் தேநீர் குடிக்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 19

குட்டிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம். மாமா வந்து நான்கு நாள் இருந்துவிட்டு மறுபடியும் போய்விட்டார். நீ மெலிந்துவிடாதே.

உன் கடிதத்தைப் பக்கத்து மேஜைக்காரிக்குப் படித்துக் காட்டினேன். "உன் தங்கச்சி எழுதுனா புரியுதே, படிச்சவங்க எழுதுனா புரியக் கூடாதே" என்றாள். ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொன்னாயே, இப்போது எல்லா நூலையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொரு கேள்வி. எங்கள் தெருமுனை விளக்கைச் சுற்றி சில நாள் சாயங்காலம் ஒரு வளையம் தெரிகிறது. வானவில்லை வட்டமாக வளைத்து மாட்டிய மாதிரி. அழகாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்தால் விளக்குக்கு வளையம் இல்லை, சும்மா விளக்குதான். அது ஏன் அப்படி? பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே நான்கு நாளாக விடாத மழை. காயப்போட்ட துணியெல்லாம் அறைக்குள்ளேதான் தொங்குகிறது.

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் ஒன்றை நீ சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வளையத்தில் சிவப்பு வெளிப்பக்கமா, உள்பக்கமா? உள்பக்கம் என்றால் அது வேறு கதை. வெளிப்பக்கம் என்றால் நிச்சயமாக நீர்த்துளிதான். உனக்கும் விளக்குக்கும் நடுவே எங்கோ கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன நீர்த்துளிகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் ஒளி வளைந்து விரிகிறது. நீலம் குறைவாக விரியும், சிவப்பு அதிகமாக விரியும். அதனால் சிவப்பு வெளியே நிற்கும். குளிர்ந்த கண்ணாடியில் ஊதிவிட்டு அதன் வழியாக விளக்கைப் பார்த்தாலும் இதே வளையம் வரும்.

சாயங்காலத்தில் உங்கள் தெருவில் ஈரம் இறங்குகிறது என்று நினைக்கிறேன். காலையில் அது காய்ந்துவிடுகிறது.

குழு வருகிற நாளுக்கு இதையே நடத்தலாம் என்று தோன்றுகிறது. சீக்கிரம் பார்த்து எழுது.

உன் தங்கை


செப்டம்பர் 20

குட்டிக்கு,

எல்லோரும் சுகம். உனக்கு மழையில் சளி பிடிக்கவில்லையே?

சிவப்பு வெளிப்பக்கம்தான். மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ சொன்னது சரி. ஆனால் தெருவில் ஈரம் ஒன்றும் இல்லை, புழுதிதான் பறக்கிறது. பக்கத்து மேஜைக்காரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவளுக்கு வளையம் தெரியவில்லையாம். அவளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் ருசி கிடையாது. வளையம் வருகிற நாளில் தலைவலியும் வருகிறது, புருவத்துக்கு மேலே. தூங்கி எழுந்தால் இரண்டும் போய்விடுகிறது. அது கிடக்கட்டும்.

இதையும் சேர்த்துச் சொல். ஒரே சிவப்பு நூல்கண்டை இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நல்ல சிவப்பு. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் பத்துத் தடவை துவைத்த சிவப்பு. ஒளி ஒரு கண்ணுக்கு ஒரு மாதிரி, இன்னொரு கண்ணுக்கு இன்னொரு மாதிரி போகுமா? எல்லோருக்கும் அப்படித்தானா? இதை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுது.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சரியாகத் தூங்கிப் பத்து நாள் ஆகிறது. பதினேழாம் தேதி குழு வருகிறது. அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

சிவப்பு வெளிப்பக்கம் என்று எழுதினாயே, அதைப் படித்துத் துள்ளிக் குதித்தேன். உன் வளையத்தைத்தான் நடத்தப் போகிறேன். நீராவி படிந்த கண்ணாடித் தகடும் ஒரு சின்ன பல்பும் வைத்துச் செய்து பார்த்துவிட்டேன். அருமையாக வருகிறது.

இரண்டு கண்ணுக்கும் நிறம் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிவது எல்லோருக்கும் உண்டு. கண்ணின் பின்புறம் நிறத்தை உணரும் செல்கள் இரண்டு கண்ணிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை. நானே மூடி மூடிப் பார்த்தேன், எனக்கும் ஒரு துளி வித்தியாசம் இருக்கிறது. கவலைப்படாதே.

உன் தங்கை


அக்டோபர் 18

அக்கா,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று இருக்காதே. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, புருவத்துக்கு மேலே வலிக்கிறது, ஒரு கண்ணில் நிறம் வெளுத்திருக்கிறது என்று மூன்றையும் சொல்.

நேற்று குழுவின் முன்னால் வளையத்தை நடத்தினேன். எல்லோரும் போன பிறகு லேப் அம்மா கண்ணாடித் தகட்டைத் துடைத்துக்கொண்டே, "இந்த வளையம் யாருக்கும்மா தெரியுது?" என்று கேட்டார். எங்கள் அக்காவுக்கு என்றேன்.

"சாயங்காலத்துலதானே? தூங்கி எழுந்தா போயிடுமே?"

"ஆமாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மாமியாருக்கு இப்படித்தான் ஆச்சு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிப்போயி ஒரு கண்ணு அவிஞ்சே போச்சு. நீ என்னம்மா, அதைப் பலகையில படம் போட்டுக்கிட்டு நிக்கிற."

காப்பாளர் அம்மாவின் மேஜையிலிருந்து உன் ஃபேக்டரிக்கு போன் போட்டேன். அவர் கேட்டால் கேட்கட்டும் என்று கத்தித்தான் பேசினேன். வாந்தி, வயிறு சரியில்லை என்று நீ இரண்டு நாள் லீவு என்றார்கள். பக்கத்து மேஜைக்காரியிடம், உன்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லும்படி கிளார்க்கிடம் இரண்டு தடவை சொன்னேன். எழுதிக்கொண்டேன் என்றார். எழுதினாரா என்று தெரியவில்லை.

நானே வந்திருப்பேன். லீவு கிடைக்கவில்லை.

உன் தங்கை


நவம்பர் 12

குட்டிக்கு,

நீ சுகமா? உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. எழுத்து கோணலாக இருக்கும், வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், பொறுத்துக்கொள். மாமாவை எழுதச் சொல்லலாம். ஆனால் அவர் எழுதினால் எனக்கு என்ன ஆயிற்று என்பதைவிட அவர் என்ன பாடுபட்டார் என்றுதான் இருக்கும்.

கிளார்க் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை பக்கத்து மேஜைக்காரி வந்து நின்றாள். நான் வாந்தி எடுத்துக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய வயிற்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். இடது கண் சிவந்து கல் மாதிரி இருந்தது. தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். "வயித்துக்கும் கண்ணுக்கும் என்னடி சம்பந்தம், உன் தங்கச்சிக்குப் படிச்சு மூளை கலங்கிப்போச்சா" என்று திட்டிக்கொண்டேதான் கூட்டிப்போனாள். சம்பந்தம் இருக்கிறதாம். கண்ணில் அழுத்தம் ஏறினால் வாந்தி வருமாம்.

இடது கண் போய்விட்டது. ஜன்னல் பக்கம் வெளிச்சம் என்று தெரிகிறது, கையை ஆட்டினால் ஆடுவது தெரிகிறது. அவ்வளவுதான். வலது கண் நன்றாக இருக்கிறது. அதற்கும் இதே மாதிரி வராமல் இருக்க உள்ளே ஒரு ஊசிமுனை ஓட்டை போட வேண்டுமாம். லேசர் ஒளியால்தான் ஓட்டை போடுவார்களாம். அந்த மிஷினைச் சரிசெய்து கொண்டுவர டிசம்பர் மூன்று ஆகுமாம். அதுவரை சொட்டு மருந்து.

வளையம் ஏன் வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். கருவிழியில் நீர் கோத்திருக்கிறது, அந்த நீரின் வழியாகப் பார்ப்பதால் வளையம் என்றார். நீயும் நீர்த்துளி என்றுதான் எழுதினாய். நீ எழுதியது தப்பில்லை. துளி தெருவில் இல்லை, அவ்வளவுதான்.

நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதிய கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டேன். பழுப்புக் கோட்டு நிஜமான கேள்வி. மற்ற இரண்டும் கேள்வி இல்லை, நான்தான் கேள்வி மாதிரி எழுதினேன். கண் சரியில்லை என்று எழுதினால், நீ ஆஸ்பத்திரிக்குப் போ என்பாய். போனால் நூல் மேஜையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கோளாறு ஒளியில்தான் இருக்கிறது என்று நீ சொல்லிவிட்டால், என் கண்ணில் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? முதலில் தெருவில் ஈரம் என்றாய், பிறகு எல்லோருக்கும் உண்டு என்றாய். நானும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஓட்டை போட அஞ்சு நிமிஷம்தானாம். நீ வராதே. புது வேலை, லீவு கேட்டுக் கெட்ட பெயர் வாங்காதே.

அக்கா


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். என்னை நிரந்தரமாக்கித் தாள் கொடுத்துவிட்டார்கள். வளையத்தை நடத்திய விதம் மிக நன்றாக இருந்தது, அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு என்று எழுதியிருக்கிறார்கள். நான் அவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் நீ தலையில் துணி கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாய். அந்தத் தாளைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிழிக்கவும் முடியவில்லை, திறந்து பார்க்கவும் முடியவில்லை.

ஒளி, பொருள், கண் என்று மூன்று வட்டம் போட்டவள் நான். பக்கத்து மேஜைக்காரிக்கு வளையம் தெரியவில்லை என்று நீ எழுதியிருந்தாய். தெருவில் துளி இருந்தால் அவளுக்கும்தானே தெரிந்திருக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். எனக்கு அந்த வரி கண்ணில் படவே இல்லை. சிவப்பு வெளிப்பக்கம் என்பது மட்டும்தான் பட்டது.

இரண்டாவது, லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அது பொய். நான் கேட்கவே இல்லை. துறைத் தலைவரின் அறை வாசலில் இருபது நிமிஷம் நின்றேன். உள்ளே யாரோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை கதவில் கை வைத்தேன். அப்புறம் மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன். நான் வந்திருந்தாலும் அந்தக் கண் பிழைத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். வந்து சேரவே ஒன்றரை நாள் ஆகும். ஆனால் அன்று அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து நான் நிற்கவில்லை. கூச்சத்தில்தான் நின்றேன்.

நீ வராதே என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கப் பிடிக்கவில்லை.

உன் தங்கை


நவம்பர் 26

குட்டிக்கு அக்கா எழுதுவது.

கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். கடிதத்தை அடுப்படியில் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். துவைத்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விட்டது. மீதி இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாளைக் கிழிக்காதே. உன்னைப் படிக்கவைத்தது பெட்டிக்கு அடியில் வைப்பதற்கு இல்லை.

நூல் மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பொத்தான்களைப் பையில் போடுகிறேன், ஒரு பைக்கு பன்னிரண்டு. எல்லாம் ஒரே நிறம். ஒரு கண்ணால் பார்ப்பதில் தூரம் சரியாகப் பிடிபடவில்லை. நேற்று டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினேன். மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி தரையைத் துடைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தரை துடைத்து நான் பார்த்ததில்லை. 

வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, நூற்றில் ஒருத்தருக்குத்தான் தொந்தரவு வரும் என்கிறார் டாக்டர். நானும் தலையாட்டுகிறேன். வெளியே வந்து அந்த ஒருத்தரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மிச்சம் இருப்பது ஒன்றுதானே. மூன்றாம் தேதி அதிலும் ஓட்டை போடுகிறார்கள்.

வராதே என்று எழுதினேன். உனக்காக எழுதவில்லை. நீ வந்து பக்கத்தில் நின்றால் இது பெரிய விஷயம் என்று ஆகிவிடும், அதனால் எழுதினேன். பெரிய விஷயம்தான்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். "அக்காவுக்குக் கண் சரியில்லை, ஊருக்குப் போகணும்." அஞ்சே வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் விளக்காதே.

இரண்டாம் தேதி இரவுக்குள் வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா